விளக்கைத் திருப்பி வைத்தோம்

எங்கள் அண்ணன் வீட்டிலேயே ஒரு புரொஜெக்டர் செய்தான். அதில் விளக்கை எப்படி வைப்பது என்பதில்தான் நாங்கள் நல்லா மாட்டிக்கொண்டோம். அதைப் பற்றி எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருப்பது இதுதான். மூடி உடைந்த சின்ன டிவிடி பிளேயரின் 7 இஞ்ச் திரை. அதன் முதுகில் இருந்த விளக்கைக் கழற்றிவிட்டால் ஒளி அதன் வழியாகப் போகும். பின்னால் கல்யாண வீட்டு போகஸ் லைட்டின் 500 வாட் ஹாலஜன் பல்பு. முன்னால் பூதக்கண்ணாடி. எதிரே அப்பாவின் வேட்டி. லென்ஸ் படத்தைத் தலைகீழாக்கும், அதனால் திரையையே தலைகீழாக வைத்துவிட்டோம்.

அந்த பல்பு சாக்பீஸ் மாதிரி நீளமானது. உள்ளே நீளவாக்கில் டங்ஸ்டன் சுருள். பெட்டி அகலம் பத்தாததால் அண்ணன் பல்பின் ஒரு முனை திரையைப் பார்க்கிற மாதிரி படுக்க வைத்தான். வேட்டியில் யார் முகமும் தெரியவில்லை. 500 வாட்டும் எங்கே போச்சு? ஒரு சாக்பீஸின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சின்ன வட்டம்தான் தெரியும். குறுக்கே திருப்பினால் முழு நீளமும் தெரியும். சுருளும் அப்படித்தான். பக்கவாட்டில்தான் ஒளி அதிகம், முனை வழியாகக் கொஞ்சம்தான். எங்கள் வெளிச்சமெல்லாம் பெட்டிச் சுவரில் வீணாகிவிட்டது.

"நிக்க வச்சுப் பாரேண்ணா" என்று நான்தான் சொன்னேன். நிற்க வைத்தால் பெட்டிக்குள் அடங்கும், பக்கவாட்டு ஒளியும் திரைக்கு வரும். படம் பளிச்சென்று விழுந்தது. எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் ராத்திரி, தெருச் சனம் பாய் போட்டு உட்கார்ந்திருந்தபோது டப்பென்று அணைந்தது. "அம்புட்டுத்தானா சாமி படம்?" என்று எதிர்வீட்டு ஆயா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அம்மா களை எடுத்த கூலியில் வாங்கிய பல்பு அது.

அப்புறம்தான் பல்பு அட்டையைத் தேடி எடுத்தோம். கிடையாகத்தான் எரிக்கணும் என்று படமே போட்டிருக்கிறது! டங்ஸ்டன் 3422 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் அதற்கு முன்பே சூட்டில் இளகிவிடும். நிற்க வைத்தால் சுருள் தன் கனத்தில் கீழே இறங்கி, அடியில் சுற்றுகள் நெருங்கும். நெருங்கிய இடம் இன்னும் சூடாகி அறுந்துவிடும்.

இப்போது பெட்டியை அறுத்து அகலமாக்கி, பல்பைத் திரைக்குக் குறுக்கே, கிடையாக மாட்டியிருக்கிறான். படமும் பளிச், பல்பும் இருக்கிறது. மாட்டும்போது துணியால்தான் பிடிக்கணும். கையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சூட்டில் அந்த இடத்துக் கண்ணாடி கெட்டுப்போகும். (அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவன். கரண்டு வேலை, நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள்.)

ஒரு தொல்லை பாக்கி. கொஞ்ச நேரம் ஓடினால் படத்தின் நடுவில் கறுப்பு வட்டம் விழுகிறது. திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் அதிகச் சூட்டில் ஒழுங்கு குலைந்துவிடுகிறது. ஆறினால் சரியாகிறது. பழைய கம்ப்யூட்டர் பேன் ஒன்று வைத்தோம், பத்தவில்லை. பல்புக்கும் திரைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தகடு வைத்து, இன்னொரு பேனும் மாட்டப் போகிறோம். ஆயாவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி