கொரியாவில் ஓராண்டு: ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் மருமகளுக்கு



தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க வரும் வெளிநாட்டவருக்கு அந்நாட்டு அரசு வழங்கும் விசா 'ஈ-2' எனப்படும். அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே அது பெரிதும் உரியது என்பதால், டொரன்டோவிலும் லண்டனிலும் டர்பனிலும் வளர்ந்து அந்நாடுகளின் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. இந்தியக் குடிமக்களைப் பொறுத்தவரை, இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்டு 2010இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார உடன்படிக்கை, ஆசிரியச் சான்றிதழ் உடையோருக்கு மட்டும் ஒரு சிறு வழியை ஏற்படுத்தியது. அவ்வாறு செல்லும் இளையவர் ஒருவர் தம் அன்றாட வாழ்வையும் விடுமுறையையும் எப்படி அமைத்துக்கொள்வது நன்று என்பதே இக்கடிதத்தின் பொருள். வேலைநாளைச் சம்பளத்துக்கென்றும் விடுமுறையை வெளியூர்ப் பயணத்துக்கென்றும் பிரித்து வைத்துக்கொள்பவர், ஓராண்டு தங்கியும் கொரியாவைக் காணாமலே திரும்ப நேரிடும் என்பதால், மூத்தோரின் கவலை பெரிதும் அதைப் பற்றியே அமைகிறது.

பணியிடம் இருவகைப்படும். ஒன்று அரசுப் பள்ளி. கல்வி அமைச்சின் கீழ் 1995இல் தொடங்கப்பட்ட 'எபிக்' என்னும் திட்டம் வழியாகப் பெரும்பாலோர் அதில் சேர்கின்றனர். மற்றொன்று 'ஹாக்வொன்' என்று கொரியர் அழைக்கும் தனியார் பயிற்சி நிலையம். பள்ளி முடிந்த பிள்ளைகள் மாலையில் மீண்டும் சென்று படிக்கும் இடமாதலால் அங்கு ஆசிரியரின் நாள் நண்பகலுக்குப் பின்னரே தொடங்கி இரவு வரை நீள்கிறது. சியோல் நகரில் இரவு பத்து மணிக்குமேல் அந்நிலையங்கள் வகுப்பு நடத்தக் கூடாதென்று மாநகர விதி தடுக்கிறது. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு முன் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவது போதாது. ஒப்பந்தத்தில் விடுப்பைப் பற்றிய பத்தியை முதலில் படிக்க வேண்டும். கொரியத் தொழிலாளர் சட்டப்படி, ஐந்து பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில், முதலாண்டில் ஒரு மாதம் முழுதாகப் பணியாற்றியவருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் 11 நாள் வரையும், அவ்வாண்டு நிறைந்தபின் 15 நாளும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. அரசு விடுமுறை நாள்களையும் 2022 முதல் அத்தகைய நிறுவனங்கள் ஊதியத்துடனேயே வழங்க வேண்டும். ஐந்து பேருக்குக் குறைந்த சிறு நிலையங்களுக்கு இவ்விதிகள் பொருந்துவதில்லை. ஆகவே 'அந்த நிலையத்தில் எத்தனை பேர் வேலை செய்கின்றனர்' என்ற எளிய கேள்வியைக் கேட்கக் கூச்சப்படலாகாது.

விண்ணப்பத்துடன் ஒளிப்படம் கேட்கும் வழக்கமும் அங்கு உண்டு. அந்தப் படத்தைப் பார்த்தே, கருமையான தோலுடையோரைச் சில தனியார் நிலையங்கள் ஒதுக்கிவிடுவதாகப் பலரும் கூறி வருகின்றனர். பாகுபாட்டை முழுமையாகத் தடுக்கும் பொதுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவரும் முயற்சி 2007 முதல் நடந்தும் அது இன்னும் நிறைவேறாத நாடு அது. இதை அறியாமல் சென்று புண்படுவதைவிட, அறிந்து சென்று நிமிர்ந்து நிற்பது மேல். விடை வராத விண்ணப்பங்களைக் கொண்டு எந்தப் பெண்ணும் தன் தகுதியை அளந்துகொள்ளத் தேவையில்லை என்பதை மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளியின் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் பிறந்து அடுத்த பிப்ரவரியில் முடிகிறது. ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்டு வரை கோடை விடுமுறையும், டிசம்பர் இறுதி அல்லது ஜனவரித் தொடக்கத்திலிருந்து குளிர்கால விடுமுறையும் வருகின்றன. மாணவர் விடுமுறை வேறு, ஆசிரியர் விடுப்பு வேறு என்பது புதியவர்கள் பலருக்குத் தாமதமாகவே புரிகிறது. மாணவர் இல்லாத அந்த வாரங்களில் அயல்நாட்டு ஆசிரியர் 'ஆங்கில முகாம்' எனப்படும் சிறப்பு வகுப்பை நடத்துவார். முகாமும் இல்லாத நாள்களில் வெறும் பள்ளிக்கூடத்தில் தம் மேசை முன் அமர்ந்திருக்கக் கடமைப்பட்டவர். இந்த வெற்று நாள்களைச் சிறைவாசம் போல நொந்துகொள்வோர் உண்டு. ஆனால் ஓர் ஆசிரியருக்கு இத்தகைய அமைதியான ஓய்வு வாழ்நாளில் பலமுறை வாய்ப்பதில்லை. 1443இல் மன்னர் செஜோங் உருவாக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்த 'ஹங்குல்' எழுத்து இன்று 24 அடிப்படை எழுத்துகளே கொண்டது. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாகும் முறை தமிழ் படித்த கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. அதைக் கற்க அந்த மேசையும் அந்த வாரங்களும் தாராளமாகப் போதும்.

கற்பிக்கும் நேரம் வாரத்துக்கு 22 பாடவேளை வரை இருக்கும். தொடக்கப் பள்ளியில் பாடவேளை 40 நிமிடம், நடுநிலையில் 45, மேல்நிலையில் 50. வகுப்பில் கொரிய ஆசிரியர் ஒருவரும் உடன் நிற்பார். அந்த இணை ஆசிரியரே பெரும்பாலும் வீட்டு உரிமையாளரிடமும் வங்கியிலும் மருத்துவமனையிலும் புதியவருக்காகப் பேசுபவராதலால், அவருடன் கொள்ளும் உறவே ஆண்டின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. அவரை இளையவர் என்றாலும் பெயரிட்டு அழைக்காமல் 'சொன்செங்நிம்', அதாவது ஆசிரியர் அவர்களே, என்று அழைப்பதும், பொருளைத் தரும்போதும் வாங்கும்போதும் இரு கைகளையும் பயன்படுத்துவதும் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ள வேண்டியவை. சிவப்பு மையில் ஒருவர் பெயரை எழுதுவது இறந்தவரோடு தொடர்புடைய செயலாகக் கருதப்படுவதால், விடைத்தாளைத் திருத்தும்போது மாணவர் பெயரின்மேல் அந்தப் பேனா படாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மே 15 ஆசிரியர் தினம். அது மன்னர் செஜோங்கின் பிறந்தநாள். அன்று குழந்தை ஒன்று ஆசையோடு ஒரு பூவை நீட்டினாலும் ஆசிரியர் வாங்கக் கூடாத நிலை, 2016 செப்டம்பர் 28இல் நடைமுறைக்கு வந்த கையூட்டுத் தடைச் சட்டத்தால் ஏற்பட்டது. புன்னகையோடு மறுத்து, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி நன்றி கூறினால் போதும்.

உணவு, தாவர உணவு உண்போருக்கு உண்மையிலேயே கடினம். பள்ளியின் மதியத் தட்டில் சோறும் சூப்பும் கிம்ச்சியும் சில தொடுகறிகளும் வரும். காய்கறியாகவே தோன்றும் கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். சூப்பின் அடித்தண்ணீர் பெரும்பாலும் காய்ந்த நெத்திலியைக் கொதிக்கவைத்தது. இறைச்சி இல்லையென்று சமையலறையில் கூறுவது மீன் இல்லை என்று பொருள்படாது. கண்டிப்பாக மரக்கறி மட்டும் உண்பவர், சோற்றோடு சேர்த்து உண்ணச் சொந்தப் பெட்டி ஒன்றை எடுத்துச்செல்வதும், அதற்கான காரணத்தை முதல் நாளே இணை ஆசிரியர் வழியாகத் தெரிவிப்பதும் நன்று. தட்டை மௌனமாக ஒதுக்குவதே அங்கு மனத்தைப் புண்படுத்தும். வேலை முடிந்தபின் அனைவரும் கூடி உண்ணும் 'ஹ்வேசிக்' என்னும் விருந்தைத் தொடர்ந்து தவிர்ப்பதும் அப்படியே. மது அருந்தாதவர் அருந்த வேண்டியதில்லை. மூத்தவரின் கோப்பையை இரு கைகளால் நிரப்பிவிட்டு அருகில் அமர்ந்திருந்தால் போதும்.

குடியிருப்பு என்பது பெரும்பாலும் பணியிடம் தரும் ஓர் அறை வீடு. தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடி அறையைச் சூடாக்கும் 'ஒன்டோல்' முறை சியோலின் குளிர்காலத்தில் பெரும் ஆறுதல். குப்பைக்கென்று அந்தந்த வட்டாரத்தின் பெயர் அச்சிட்ட பைகளை விலைக்கு வாங்கியே பயன்படுத்த வேண்டும் என்ற முறை 1995 முதல் நாடெங்கும் உள்ளது. உணவுக் கழிவை அதனோடு கலக்கக் கூடாது. இதைச் சரியாகச் செய்பவரை அண்டைவீட்டு மூதாட்டிகள் விரைவில் ஏற்றுக்கொள்வர்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை 'சுநுங்' எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நடக்கிறது. அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கின்றன. பிந்திவரும் மாணவரைக் காவலர் வண்டியில் ஏற்றிச் செல்கின்றனர். ஆங்கிலக் கேட்டல் பகுதியை ஒட்டிச் சுமார் 35 நிமிடம் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஒரு மொழிக்காக வானம் நிறுத்தப்படும் நாட்டில், அம்மொழியைக் கற்பிக்கச் சென்றவர், தம் வகுப்பின் பின்வரிசையில் தூங்கி விழும் பதினேழு வயதுப் பையன் முந்திய இரவு எங்கெல்லாம் படித்துவிட்டு வந்தான் என்பதை எண்ணிப் பார்த்தே அவனை எழுப்ப வேண்டும்.

இனி விடுமுறை. அரசு விடுமுறைகளுள் இரண்டு பெரியவை: சந்திர நாட்காட்டியின் புத்தாண்டாகிய 'சியோல்லால்', எட்டாம் மாதத்து முழுநிலவில் வரும் 'சூசொக்'. ஒவ்வொன்றும் மூன்று நாள். ஞாயிறு குறுக்கிட்டால் ஈடாக ஒரு நாள் கூடும். 2025இல் தேசத் தோற்ற நாளும் ஹங்குல் நாளும் சூசொக்கை ஒட்டி வந்ததால் அக்டோபர் 3 முதல் 9 வரை ஏழு நாள் தொடர்ந்து கிடைத்தன. இந்நாள்கள் குடும்பத்துக்கும் முன்னோருக்கும் உரியவை. நகரத்தார் சொந்த ஊர் சென்று, கல்லறை மேட்டின் புல்லை வெட்டித் துப்புரவு செய்து, 'சாரே' என்னும் படையலை வைத்து வணங்குகின்றனர். சூசொக்குக்கு எள்ளோ அவரையோ உள்ளே வைத்துப் பைன் இலைமேல் அவிக்கும் 'சொங்பியோன்' செய்கின்றனர்; பிறைவடிவக் கொழுக்கட்டை என்றே தமிழ் வீட்டார் அதை அடையாளம் காண்பர். சியோல்லால் அன்று இளையோர் மூத்தோரை மண்டியிட்டு வணங்கிப் பணம் பெறுவர். அரிசி மாவு வில்லைகள் இட்ட சூப்பை உண்டால் ஒரு வயது கூடியதாகக் கொள்வர்.

இந்தத் தொடர் விடுமுறை வந்தவுடன் தாய்லாந்துக்கோ ஜப்பானுக்கோ பறப்பது அயல்நாட்டு ஆசிரியர்களின் பொது வழக்கம். விமானக் கட்டணம் ஆண்டிலேயே மிக உயரும் நாள்களும் அவையே. அதைத் தடுப்பது இக்கடிதத்தின் நோக்கமில்லை. ஆனால் முதலாண்டின் சூசொக்கையேனும் கொரியாவிலேயே கழிக்க வேண்டும் என்பது உறுதியான அறிவுரை. ஊர்செல்லும் தொடர்வண்டி இருக்கைகள் வாரங்களுக்கு முன்பே, குறித்த நாளில் விற்பனைக்கு வந்து விரைவில் தீர்ந்துவிடுவதால், தொலைவுப் பயணத்தை அந்த மூன்று நாளில் வைத்துக்கொள்ளாமல், மக்கள் வெளியேறிய சியோலிலேயே தங்கி, அரண்மனைகளையும் வெறிச்சோடிய பழைய தெருக்களையும் நடந்தே பார்ப்பது சிறந்தது. திறந்த கடை குறைவு என்பதால் உணவை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். இணை ஆசிரியர் தம் வீட்டுக்கு அழைத்தால், பழப்பெட்டி ஒன்றுடன் சென்று, படையலின்போது ஓரமாக நின்று, அவர்கள் வணங்கும்போது தலை தாழ்த்துவதே ஏற்ற நடத்தை. அப்படியோர் அழைப்பு எல்லோருக்கும் வருவதில்லை. வராவிட்டால் அதைப் புறக்கணிப்பாக எண்ணலாகாது, ஏனெனில் அந்நாள் விருந்தினருக்கு உரியதாக அமைந்ததன்று.

தனிமை தாங்காதபோது 'டெம்பிள் ஸ்டே' எனப்படும் மடாலயத் தங்கல் உதவும். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டிப் பௌத்த மடங்கள் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், ஓரிரு நாள் துறவிகளோடு தங்கி அவர்களுடைய உணவை உண்ணலாம். இறைச்சியும் மீனும் பூண்டும் வெங்காயமும் சேராத அந்த உணவு, நெத்திலிச் சூப்புக்கு அஞ்சி வாழும் மரக்கறியாளருக்கு நிம்மதி தருவது.

மற்ற விடுமுறைகளில் மார்ச் 1 என்பது 1919இல் ஜப்பானிய ஆட்சிக்கெதிராக மக்கள் எழுந்த நாள். ஆகஸ்டு 15 என்பது 1945இல் அந்த ஆட்சி முடிந்த நாள். ஜப்பானுக்குச் சுற்றுலா செல்ல ஏற்ற நாளாக இவற்றைச் சக ஆசிரியர்முன் பேசுவது நாகரிகமன்று. நீண்ட வார இறுதி ஒன்றில் பூசானுக்கு அருகிலுள்ள கிம்ஹே நகருக்கும் செல்லலாம். 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் துறவி தொகுத்த 'சம்குக் யூசா', கி.பி. 48இல் 'ஆயுதா' நாட்டிலிருந்து கடல்வழி வந்து சூரோ மன்னரை மணந்த ஹோ ஹ்வாங்-ஒக் என்னும் அரசியைப் பற்றிக் கூறுகிறது. அவர் கல்லறை அங்குள்ளது. அவரைத் தமிழ் இளவரசி எனத் தமிழர் சிலரும், அயோத்தியின் மகள் என வடஇந்தியர் சிலரும் உரிமை கோருகின்றனர். இரண்டுக்கும் போதிய சான்று இல்லை. தமிழ்ப் பெயருடைய ஆசிரியரிடம் மாணவர் இதைக் கேட்கும்போது, இல்லாத உறுதியைக் காட்டாமல், நூல் சொல்வது இது, மக்கள் நம்புவது இது என்று பிரித்துச் சொல்வதே ஆசிரியருக்கு அழகு.

தீபாவளி பெரும்பாலும் வேலைநாளில் வரும். பொங்கல் பெரும்பாலும் குளிர்கால முகாமின் நடுவில் வரும். அந்த ஒரு நாள் விடுப்பைப் பருவத் தொடக்கத்திலேயே கேட்பவருக்குப் பள்ளி பெரும்பாலும் இசைகிறது. முந்திய வாரம் கேட்பவர் பதிலாசிரியரின்றித் திண்டாடும் பள்ளிக்குச் சுமையாகிறார்.

பணத்தைப் பற்றியும் ஒன்று. ஓராண்டு முழுதாகப் பணியாற்றியவருக்கு ஏறத்தாழ ஒரு மாத ஊதியம் பணிக்கொடையாகக் கிடைக்கும். ஒப்பந்தத்தின் இறுதி நாளுக்கு முன் விமானம் ஏறியவர் அதை இழப்பார். தேசிய ஓய்வூதியத்துக்கு மாதந்தோறும் பிடிக்கப்பட்ட தொகையையும், முதலாளி சேர்த்த சரிபாதியையும், கனடியக் குடிமக்கள் நாடு திரும்பும்போது மொத்தமாக விண்ணப்பித்துப் பெறலாம். ஊதியத் தகராறு எழுந்தால் தொழிலாளர் அமைச்சின் 1350 என்ற எண்ணையும், விசா ஐயங்களுக்குக் குடிவரவுத் துறையின் 1345 என்ற எண்ணையும் அழைக்கலாம். விசாவில் குறித்த இடத்துக்கு வெளியே, அனுமதியின்றித் தனி வகுப்பு எடுப்பது, கேட்பவர் பக்கத்து வீட்டுத் தாயாகவே இருந்தாலும், சட்டமீறலாகும். அதற்கு மட்டும் ஒருபோதும் இசையக் கூடாது.