தண்ணீர் எத்தனை மணிக்கு?

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் போர்ட்டிக்சன் போகிறோம் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, பஸ் எத்தனை மணிக்கு என்று. நான் கேட்பது, தண்ணீர் எத்தனை மணிக்கு என்று. ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நேரம் குறிப்பேன். லிங்சம், சிலியாவ், சுவா பெத்தோங், பிராட்வால், தானா மேரா என்று கடலுக்கு இவ்வளவு அருகில் பால் வெட்டியும் குலை அறுத்தும் வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்களுக்குக் கடலோடு பழக ஏது நேரம்? வருடத்தில் ஓரிரு நாள் வாய்க்கும். அந்த நாள் நல்லபடியாகப் போய் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குழந்தைகளும் வயதானவர்களும் வரும்போது நான் தேர்ந்தெடுப்பது புளூ லகூன். மலாயில் தஞ்சோங் பிரு. எட்டாங்கட்டை தெலுக் கெமாங்கைத் தாண்டி, தஞ்சோங் துவான் முனைக்கு அருகில் ஒதுங்கிக் கிடக்கும் சிறு குடா அது. தெலுக் கெமாங் நீண்ட, திறந்த கரை. ஜெட் ஸ்கீயும் வாழைப்பழப் படகும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் அங்கேதான். குடாவில் அலை சின்னது. பெருங்கடலிலிருந்து வரும் பேரலையைச் சுமத்ரா தீவே மறித்துவிடுகிறது. நீரிணையில் எழும் சிற்றலையிலும் பாதியை முனை வாங்கிக்கொள்கிறது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்த என் பாட்டி இங்கே முதன்முதலாகக் கால் நனைத்தபோது, "என்னடா இது, நம்ம ஊரு கம்மா கணக்கா கெடக்கு" என்றார்.

அந்த அமைதியை நம்பித்தான் நம் ஆட்கள் இறங்குகிறார்கள். குடா தடுப்பது அலையை. நீர் ஏறுவதையும் இறங்குவதையும் எந்தக் குடாவும் தடுப்பதில்லை. கிரேக்கத் தீவுகளின் குடாக்களில் நாள் முழுதும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கே ஏற்ற இறக்கம் சில அங்குலங்கள்தான். காலையில் விரித்த பாயை மாலை வரை நகர்த்த வேண்டியதில்லை. மலாக்கா நீரிணை அப்படியில்லை. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். வேறுபாடு அதிகமான நாள்களில் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையில் சுமார் இரண்டு மீட்டர், ஒரு ஆள் உயரத்துக்கும் மேல். அதுவும் ஒரே வேகத்தில் ஏறாது. ஆறு மணி நேரத்தில் முதல் மணியும் கடைசி மணியும் மெல்ல நகரும். நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில்தான் ஏறக்குறைய பாதித் தண்ணீர் வந்துவிடும். பிள்ளையின் இடுப்பில் இருந்த தண்ணீர் சோறு கட்டிய பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் நெஞ்சுக்கு வருவது அந்த நேரத்தில்தான்.

அதனால் என் கணக்கு இதுதான்: உச்ச ஏற்றத்துக்கு முன்னால் உள்ள கடைசி இரண்டு மணி நேரம் குளிக்க நல்லது. நீரோட்டம் கரைப் பக்கம் தள்ளும், ஏறும் வேகமும் தணிந்திருக்கும். தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் பிள்ளைகளை மேலே ஏற்றிவிடுவேன்; அப்போது இழுப்பு வெளியே போகும். முழு வற்றத்தில் குளிக்க ஒன்றுமில்லை, சேறும் பாறையும்தான். ஆனால் நண்டும் சிப்பியும் பார்க்க அதுவே நல்ல நேரம். ஏற்ற வற்ற அட்டவணையை மலேசிய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கைப்பேசியிலும் பார்க்கலாம், இடத்தின் பெயர் போர்ட்டிக்சன்தானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கிள்ளான் துறைமுகத்தின் நேரமும் உயரமும் வேறு. ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். போன ஞாயிறு பார்த்த நேரம் இந்த ஞாயிறுக்கு உதவாது.

நம் வீட்டு நாள்காட்டியே இதில் பாதி சொல்லிவிடும். அமாவாசையும் பௌர்ணமியும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கும் நாள்கள். அன்றும் அதையொட்டிய ஓரிரு நாளும் ஏற்றம் மிக உயரம், வற்றம் மிகத் தாழ்வு, இடையில் ஓட்டம் மிக வேகம். ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்கவும், தை அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கவும், மாசி மகத்துக்கு முழுகவும் நாம் கடலுக்குப் போவது சரியாக அந்த நாள்களில்தான். வயதானவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள், நீந்தத் தெரியாதவர்கள், கடல் நன்றாக இழுக்கும் நாளில் இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. அஷ்டமி நவமியில் நாம் எதையும் தொடங்குவதில்லை. ஏற்ற இறக்கம் குறைந்து கடல் சாதுவாக இருப்பது அந்த நாள்களையொட்டித்தான். பிள்ளைகளுக்குக் கடல் காட்ட அஷ்டமியில் தாராளமாகப் போங்கள்.

அடுத்தது வானம். மே முதல் செப்டம்பர் வரை சுமத்ராவிலிருந்து வரும் புயல்காற்றை இங்கே 'சுமத்ராஸ்' என்பார்கள். பெரும்பாலும் விடியற்காலையிலோ முற்பகலிலோ வரும். மேற்கே அடிவானத்தில் கருமேகம் வளைந்து ஒரு கோடாகத் தெரியும், வெக்கையாக இருந்த காற்று திடீரென்று குளிரும். குளிர்ந்தவுடன் கரையேறிவிட வேண்டும், மழை விழட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மின்னலும் கூடவே வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும், அதற்குப் பிறகும் அன்று தண்ணீர் கலங்கியேதான் இருக்கும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் இடிமழை பிற்பகலில் வரும், அதனால் அப்போது காலையிலேயே போய்விடுவது நல்லது.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேலையோடு கடலில் இறங்காதீர்கள். ஆறு கெஜம் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். விழுந்தால் எழ விடாது. கைலியும் அப்படியே. முழங்கால் வரை கால்சட்டையும் ஒரு டீ சட்டையும் போதும். வெட்கப்பட்டுக் கரையில் உட்கார்ந்திருந்த அத்தைமார்கள் பலர், நாலு பேர் சேர்ந்து அப்படி உடுத்தியதும் சிரித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆண்களுக்குச் சொல்வது இன்னும் நேரடியானது: குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. பஸ் ஏறும்போதே இதைச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்வேன். காற்றடைத்த டியூப்பை நம்பிப் பிள்ளையை விடுவதும் கூடாது. கரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசினால் டியூப் பிள்ளையோடு போய்விடும். பிள்ளை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஜெல்லிமீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் நம்மிடம் உள்ள வழக்கம். இரண்டும் விஷத்தை இன்னும் ஏற்றிவிடும். ஒரு போத்தல் வினிகர் எப்போதும் என் பையில் இருக்கும். அதை ஊற்றிவிட்டு, மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப்போகும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் காலை வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

குளித்து முடித்த பிறகும் நேரமிருந்தால் தஞ்சோங் துவானுக்கு ஏறுங்கள். நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் அந்த முனை மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. போர்த்துக்கீசியர் இதைக் கபோ ரசாடோ என்றார்கள்; 1606இல் அவர்களும் டச்சுக்காரர்களும் இந்தக் கடலில்தான் மோதினார்கள். உச்சியில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1863ஆம் ஆண்டினது. பாதை செங்குத்து, ஆனால் தார் போட்டது. முழங்கால் வலி உள்ளவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறிக்கும், சாப்பாட்டை முதுகுப் பையில் வையுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போவதானால் மேலே பார்த்துக்கொண்டே இருங்கள். தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் காலம் அது. கடலுக்கு மேல் சூடான காற்று எழாததால் அவை சிறகடித்தே வர வேண்டும். நீரிணை ஒடுங்கும் இந்த இடத்தில் களைத்து, தாழப் பறந்து கரை சேரும். முற்பகலிலிருந்து பிற்பகல் வரை நல்ல நேரம். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து இதற்கென்றே ஒரு விழா நடத்தி வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பருந்துகளை எண்ணத் தொடங்கினால் அவர்களைக் கீழே இறக்குவது கடினம்.

முனையை ஒட்டிய நீருக்கடியில் பவளப் பாறைகள் உண்டு. மேற்குக் கரையில் நிலத்தை ஒட்டி இப்படி மிஞ்சியிருக்கும் இடங்கள் குறைவு. அதன் மேல் ஏறி நிற்காதீர்கள், உடைத்து எடுத்து வராதீர்கள். காரியம் முடித்தவர்கள் விட்டுவிட்டுப் போகும் பானை ஓடும், துணியும், பிளாஸ்டிக் பூமாலையும் அந்தப் பாறையில்தான் போய்ச் சிக்குகின்றன. அஸ்தியும் பூவும் கடலுக்குப் போகட்டும். துணியையும் ஓட்டையும் ஒரு சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். எங்கள் குழுவில் இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

கோயில் செயலவையினரிடம் ஒரு வேண்டுகோள். ஆடி அமாவாசைக்கு அச்சடிக்கும் துண்டறிக்கையில் திதி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் போடுகிறீர்கள். அதற்குக் கீழே அன்று போர்ட்டிக்சனில் ஏற்றம் எத்தனை மணிக்கு, வற்றம் எத்தனை மணிக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஐயர் சங்கல்பம் செய்யும் நேரத்தையும் அதைப் பார்த்தே வைத்துக்கொள்ளலாம்.