இரண்டு இரவா, ஐந்து இரவா?

மும்பையின் செம்பூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, தசரா விடுமுறையில் கப்பல் பயணம் செல்ல விரும்பியது. தாய், தந்தை, பாட்டி, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகள், மூன்று வயது மகன் என ஐவர். பயண முகவர் இரண்டு திட்டங்களைக் கூறியிருந்தார். ஒன்று, கோவாவுக்குச் சென்று திரும்பும் இரண்டு இரவுப் பயணம். மற்றொன்று, கொச்சி வழியாக இலட்சத்தீவு வரை செல்லும் ஐந்து இரவுப் பயணம்.

தந்தைக்கு ஐந்து இரவுப் பயணமே பிடித்திருந்தது. "இரண்டு இரவு என்றால் முழுதாக ஒரு பகல்தான் கிடைக்கும். முதல் நாள் மாலையில் புறப்பாடு. மூன்றாம் நாள் காலையில் இறக்கிவிடுவார்கள். அதற்கும் இதே மூட்டைமுடிச்சு, இதே வரிசை," என்றார். அவர் கூறியதில் நியாயம் இருந்தது. மகளோ இலட்சத்தீவின் படத்தைப் பார்த்த நாள் முதல் வேறு பேச்சே பேசவில்லை. அங்குள்ள தீவுகள் 36, அவற்றுள் மக்கள் வாழ்பவை 10 என்று பாட்டியிடம் ஒப்புவித்துக்கொண்டிருந்தாள்.

தாயின் கவலை வேறு. லோனாவாலாவுக்குப் பேருந்தில் சென்றபோது, மலைப்பாதையில் மகன் மூன்று முறை வாந்தி எடுத்திருந்தான். காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உறுப்பு உடலின் அசைவை உணர்கிறது. கண்ணோ அசையாத சுவரையே காண்கிறது. இவ்விரண்டும் முரண்படுவதால் குமட்டல் உண்டாகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இஃது அரிது. 2 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கே மிகுதி. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறையும். தொடுவானத்தைப் பார்ப்பதும் உதவும். ஆயினும் மூன்று வயதுச் சிறுவனைத் தொடுவானம் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கச் செய்ய யாரால் முடியும்?

பாட்டி அதுவரை வாய் திறக்கவில்லை. "நாள் கணக்கை விடுங்கள். நடுவில் கரையில் இறங்காமல் எவ்வளவு நேரம் போக வேண்டும்? அதைச் சொல்லுங்கள்," என்றார்.

மகள் நிலப்பட நூலையும் அளவுகோலையும் எடுத்து வந்தாள். கடலில் தொலைவைக் கடல் மைலில் அளப்பர். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் வேகம் ஒரு நாட் எனப்படும். மும்பையிலிருந்து கோவா ஏறத்தாழ 225 கடல் மைல். 16 நாட் வேகத்தில் 14 மணி நேரம். மாலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில் கரை. கொச்சியோ ஏறத்தாழ 580 கடல் மைல். 36 மணி நேரம் ஆகும். அத்துடன் முடியவில்லை. இலட்சத்தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையும் ஆழமற்ற நீரும் இருப்பதால், பெரிய கப்பல் வெளியே நிற்கும். பயணிகள் சிறு படகுகளில் கரைக்குச் செல்வர். அலையில் ஆடும் படகுக்குள் மகனைத் தூக்கிக்கொண்டு, பாட்டியின் கையையும் பிடித்து இறக்க வேண்டும்.

தந்தை மீண்டும் ஒருமுறை கணக்கைப் பார்த்தார். "சரி, இவ்வாண்டு கோவா," என்றார்.

மகளின் முகம் வாடியது. "கப்பலில் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நெடிய ஒலியும் எழுப்புவார்கள். உடனே குறித்த இடத்தில் எல்லாரும் கூட வேண்டும். தம்பியை நீதான் கைபிடித்து அழைத்து வர வேண்டும்," என்றார் தாய். அவள் தேறவில்லை. அளவுகோலைக் கொச்சியின்மீது வைத்து மேற்கே நகர்த்தினாள்.

"அப்பா, அடுத்த ஆண்டு கொச்சி வரை தொடர்வண்டியில் போனால் என்ன? அங்கிருந்து கவரத்தி 220 கடல் மைல்தான். கோவாவும் அவ்வளவு தூரந்தானே?"

"அங்கே செல்ல நுழைவு அனுமதி வாங்க வேண்டும், அம்மா."

"அதை எப்போது கேட்டு எழுத வேண்டும்?" என்றார் பாட்டி.

பயிற்சி

1. 'மூட்டைமுடிச்சு', 'வாய் திறக்கவில்லை' ஆகியவற்றைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.
2. பாட்டியின் கேள்வி தந்தையின் முடிவை எவ்வாறு மாற்றியது?
3. கொச்சியிலிருந்து கவரத்திக்கு 16 நாட் வேகத்தில் செல்ல எத்தனை மணி நேரம் ஆகும்? கணக்கிட்டுத் தமிழில் எழுதுக.