எனக்கென்று ஒரு நடை வருமா?

கேள்வி: சில ஆண்டுகளாகக் கவிதை எழுதுகிறேன். படிக்கிற நண்பர்கள், “எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே” என்கிறார்கள். பிறர் கவிதைகளைப் படிப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தால் எனக்கென்று ஒரு நடை வருமா?
- வாசகர், திண்டிவனம்

பதில்: திண்டிவனத்துக்காரர் இதைக் கேட்டிருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. விடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

முதலில், படிப்பதை நிறுத்தாதீர்கள். பிறர் எழுத்து நம் நடையைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. ஆனால் நிறுத்தினாலும், ஏற்கெனவே காதில் ஏறிவிட்ட சினிமாப் பாட்டும் கவியரங்க முழக்கமும் போய்விடாது. கொஞ்சமாகப் படித்தவர் எழுத்தில்தான் அந்த ஒன்றிரண்டு குரல்கள் அப்படியே ஒலிக்கும்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். இன்று திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்ட கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியதுதான் சிறுபாணாற்றுப்படை. ஆற்றுப்படை என்பது, பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் வறுமையில் வாடும் இன்னொரு கலைஞனுக்கு வள்ளலிடம் போக வழி சொல்லும் பாட்டு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இந்த வகை. யாப்பும் பெரும்பாலும் ஆசிரியப்பாதான். அதாவது, அடிக்கு நான்கு சீராகப் பேச்சோசைக்கு நெருங்கி நடக்கும் பா. வறுமை, வழி, விருந்து, பரிசு எல்லாம் அந்த வகைக்கே பொது. நத்தத்தனாருக்கு மட்டும் உரியவை அல்ல.

பிறகு அவர் பாட்டு எப்படி அவர் பாட்டாகிறது? வழி சொல்லும் பாணனின் (இசைக்கலைஞனின்) வீட்டு அடுக்களைக்குள் எட்டிப் பாருங்கள். கூரை இற்றுக் கிடக்கிறது. கறையான் அரித்த சுவரில் காளான் பூத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் முலையை இழுக்க, ஈன்ற நாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. குப்பையில் கிள்ளி வந்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைக்கிறாள் ஒருத்தி. பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு பங்கிட்டு உண்கிறாள். உமணர், அதாவது உப்பு வணிகர், வண்டியோடு வருகிற அதே பாட்டில் ஒரு வீட்டில் உப்பில்லை! வறுமையை எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள். அந்தக் கதவை அடைத்தது நத்தத்தனார். எதைக் கண்டோம், கண்டதில் எதை விடாமல் பிடித்துக்கொண்டோம் என்பதில்தான் நடை பிறக்கிறது.

நம் காலத்திலும் சான்று உண்டு. விழுப்புரம் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் த. பழமலய். தமிழ் படிப்பதும் படிப்பிப்பதுமே அவர் வேலையாக இருந்தது. 1988-இல் வந்த ‘சனங்களின் கதை’ கவிதைத் தொகுப்பில் தம் ஊர் மக்களையும் உறவுகளையும் அவர்கள் பேச்சோடு எழுதினார். ஒரு சமூகத்தின் வாழ்வையும் வழக்கத்தையும் பதிவுசெய்யும் இந்த வகைக்கு இனவரைவியல் கவிதை என்று பெயர். அத்தனை படிப்பும் அவர் குரலை அமுக்கிவிடவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. உங்கள் கவிதை ஒன்றை எடுத்து, கண்ணால் கண்டது எது, படித்ததிலிருந்து ஒட்டிக்கொண்டது எது என்று வரிவரியாகக் குறியுங்கள். ஒட்டிக்கொண்டதை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது மல்லாட்டைக் (நிலக்கடலை) களத்தைப் பற்றிய இரண்டே வரியானாலும் சரி, அங்கிருந்து மேலே எழுதுங்கள். கூடவே சிறுபாணாற்றுப்படையை நல்ல உரையோடு படியுங்கள். மொத்தமே 269 அடிதான்.