கிடேரியைப் பழக்கக் கோல் எதற்கு?

சிவாலயத்தை வலம் வந்து முடிக்கும் நேரத்தில் சண்டிகேஸ்வரர் சந்நிதியில் நிற்கிறோம். 'சிவன் சொத்து எதையும் கொண்டு போகவில்லை' என்று கைகளைத் துடைத்துக் காட்டிவிட்டு வெளியே வருகிறோம். அந்தச் சண்டிகேஸ்வரர் சிறு பிள்ளையாக இருந்தபோது செய்த முதல் தொண்டு எது தெரியுமா? அடிபட்ட ஒரு பசுவுக்காகப் பரிந்து பேசியதுதான்!

கும்பகோணத்துக்கு அருகே, மண்ணியாற்றங்கரையில் உள்ள திருச்சேய்ஞலூரில் பிறந்தவர் விசாரசருமர். வேதம் ஓதும் பிள்ளைகளுடன் சென்றுகொண்டிருந்தபோது, ஊர்ப் பசு மந்தையில் கன்று ஈன்ற ஒரு பசு, மேய்ப்பவனை முட்டப் பாய்ந்தது. அவன் கோலை எடுத்து அடித்தான். பதறிப்போன விசாரசருமர் அவனைத் தடுத்து நிறுத்தி, 'இனி இந்தப் பசுக்களை நானே மேய்க்கிறேன்' என்று ஏற்றுக்கொண்டார். பசித்தபோது புல்லும், வேண்டும்போது நீரும், நிழலும் கொடுத்தார். சில நாட்களிலேயே அந்தப் பசுக்கள் அவர் அருகில் வந்தாலே தாமாகப் பால் சொரிந்தன என்கிறது பெரிய புராணம்.

இது புராணக் கதை மட்டும்தானா? வீட்டில் ஒரு கிடேரிக் கன்று வளர்ப்பவர்களுக்கும், கோயிலுக்குக் கோதானம் செய்ய நினைப்பவர்களுக்கும் இதில் அருமையான பாடம் இருக்கிறது.

பயமே முரட்டுத்தனம்

'இந்தக் கிடேரி முரடு, கிட்டே போனால் உதைக்கிறது' என்று சொல்கிறோம். உண்மையில் அது பயந்திருக்கிறது. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்க முடியும். ஆனால் நேர் பின்புறம் மட்டும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஒரு கை தொட்டால் உதைக்காமல் என்ன செய்யும்?

பசுவின் பின்பகுதியில் மகாலட்சுமி வாசம் செய்வதாக ஐதீகம். அதனால் கிரகப்பிரவேசத்தில் எல்லோரும் முதலில் பின்னால் போய் நின்று தொட்டு வணங்குகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். முன்பக்கமாக, அதற்குத் தெரியும்படி வாருங்கள். பெயர் சொல்லி அழையுங்கள். தோளில் கை வைத்து, மெல்லத் தடவியபடியே பக்கவாட்டில் நகர்ந்து பின்பகுதிக்குச் சென்று வணங்குங்கள். கற்பூரத் தட்டை முகத்தருகே கொண்டு செல்ல வேண்டாம். குங்குமம் கண்ணில் விழாதபடி சிறிதளவு இட்டால் போதும்.

பழக்கும் முறை

கன்று பிறந்த முதல் மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க விடுவதுதான் கவனிப்பின் ஆரம்பம். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் கிடைக்கிறது. பூஜைக்கோ, வீட்டாருக்கோ எடுத்து வைப்பதற்கு முன் கன்றின் வயிறு நிறைய வேண்டும்.

பால் மறந்த பிறகு தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், கையில் கொஞ்சம் பசும்புல்லோ அகத்திக்கீரையோ எடுத்துக்கொண்டு போங்கள். முதல் சில நாட்கள் தொட வேண்டாம். அது தானாக வந்து கையை முகரட்டும். பிறகு கழுத்தின் கீழே தொங்கும் தாடியைச் சொறிந்து கொடுங்கள். மாடுகளுக்கு மிகவும் பிடித்த இடம் அது. நெற்றியைப் பிடித்துத் தள்ளி விளையாடாதீர்கள். கன்றில் விளையாட்டாக இருப்பது, கொம்பு முளைத்த பிறகு முட்டும் பழக்கமாகிவிடும்.

கழுத்துக்கயிறு பருத்தியில் இருக்கட்டும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். கன்று வளர வளர அதைத் தளர்த்த மறந்து, கழுத்து புண்ணாகிப் போன கிடேரிகள் எத்தனையோ! நடக்கப் பழக்கும்போது கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் போகாதீர்கள். தோளுக்கு அருகே நின்று கூடவே நடங்கள். அது ஓரடி வைத்தால் கயிற்றை உடனே தளர்த்துங்கள். 'நடந்தால் இறுக்கம் இல்லை' என்று அது புரிந்துகொள்ளும்.

பிரசாதமும் அளவோடு

கோபூஜை நாளில் ஆளுக்கொரு பிடி சர்க்கரைப் பொங்கலும் சோறும் ஊட்டுகிறோம். ஐம்பது பேர் ஊட்டினால் என்னவாகும்? மாட்டின் வயிறு புல்லையும் வைக்கோலையும் செரிப்பதற்காக அமைந்தது. சோறு மிகுந்தால் வயிற்றில் அமிலம் பெருகி, அசைபோடுவது நின்று, உயிருக்கே ஆபத்தாகலாம். பூஜைக்கு ஒரு சிறு உருண்டை நைவேத்தியம் போதும். மற்றவர்கள் கையில் ஒரு பிடி புல் கொடுங்கள். பழத்தைப் பிளாஸ்டிக் பையோடு நீட்டவே கூடாது.

குடற்புழு மருந்தையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசியையும் தவறவிட வேண்டாம். கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசியை 4 முதல் 8 மாத வயதுக்குள், கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் போடுவார்கள். அந்த மாதங்களைத் தள்ளிப்போட்டு விடாமல் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். சினைக்கு விடுவதற்கு வயதை மட்டும் பார்க்காதீர்கள். உடல் எடையும் வேண்டும். கலப்பினக் கிடேரி என்றால் சுமார் 250 கிலோ. நாட்டுக் கிடேரிகள் மெதுவாகத்தான் பருவத்துக்கு வரும், பொறுத்திருங்கள்.

முதல் ஈற்று

சினைக்காலம் சுமார் 280 நாட்கள். கடைசி இரண்டு மாதங்களில், பால் கறக்கப் போகிறவரே தினமும் பக்கத்தில் அமர்ந்து, வயிற்றையும் மடியையும் மெல்லத் தடவிப் பழக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கன்று ஈன்ற மறுநாள் சொம்போடு போய் உட்கார்ந்தால் உதைக்கத்தான் செய்யும். உடனே அணைகயிறு, அடி, கடைசியில் 'உதைகாலி' என்ற பெயர். அந்தப் பெயர் வாங்கிய மாடு பிறகு சந்தைக்குத்தான் போகும். அதன் தலைவிதியை எழுதியது யார்? நாம் அல்லவா!

கோதானம் செய்பவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள். கொட்டகையும் தீவனமும் கவனிக்க ஆளும் உள்ள இடமா என்று பார்த்து, மனிதக் கைக்குப் பழகிய கிடேரியாகக் கொடுங்கள். கூடவே தீவனத்துக்கும் ஒரு தொகை கொடுத்து, அவ்வப்போது போய்ப் பார்த்து வாருங்கள். கயிற்றைக் கைமாற்றியதோடு புண்ணியக் கணக்கு முடிந்துவிடாது.

அடுத்த முறை சண்டிகேஸ்வரர் சந்நிதியில் கைகளைத் துடைத்துக் காட்டும்போது, 'இந்தக் கைகள் எந்த வாயில்லா ஜீவனையும் அடிக்கவில்லை' என்றும் சொல்ல முடிந்தால், அதைவிட அவர் மகிழும் வழிபாடு வேறென்ன இருக்கப் போகிறது!