நைட்ரோ பக்கியைச் சுத்தம் செய்ய...

மண் தடத்தில் ஓடிய நைட்ரோ ரிமோட் பக்கியின் அடியில், புகைக்குழாய் உமிழ்ந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பிசுக்காக அப்பிக்கொள்ளும். ஓட்டிய அன்றே சுத்தம் செய்துவிடுங்கள்.

1. டேங்கை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். எரிபொருளில் உள்ள மெத்தனால் ஈரத்தை இழுத்து பேரிங்குகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

2. நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். இன்ஜினின் தலைப்பகுதி 100 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுடும்.

3. ஏர் ஃபில்டர் மேல் பிளாஸ்டிக் பை கட்டுங்கள். புகைக்குழாய் வாயைத் துணியால் அடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பிஸ்டனில் கீறல் விழும்.

4. காய்ந்த மண்ணைப் பெயின்ட் பிரஷால் முதலில் தட்டிவிடுங்கள். ஈரம் பட்டால் அது சேறாகி இடுக்குகளில் இறங்கும்.

5. பிசுக்கின் மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துத் துடையுங்கள். எண்ணெயைக் கரைத்துச் சீக்கிரம் உலரும். எளிதில் தீப்பற்றும் என்பதால் வெட்டவெளியில், நெருப்புக்குத் தள்ளியே செய்யுங்கள்.

6. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். ரிசீவரும் சர்வோவும் பழுதாகும்.

7. ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்பு நீரில் அலசி உலர்த்தி, ஃபில்டர் ஆயில் விட்டுப் பிசையுங்கள். எண்ணெய்ப் பசைதான் நுண்தூசியைப் பிடிக்கும்.

8. குளோ பிளக்கைக் கழற்றி, ஆஃப்டர்-ரன் ஆயில் சில சொட்டுகள் விட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். உட்பாகமெங்கும் எண்ணெய் படிந்து துருவைத் தடுக்கும்.

9. கடைசியாக, இன்ஜினைத் தாங்கும் திருகுகளை முடுக்கிப் பாருங்கள். அதிர்வில் அவைதான் முதலில் தளரும்.