வாடகை வீட்டில் இருந்தவாறே முதல் வீட்டிற்குச் சேமித்தல்

பிறந்த ஊரில் முன்னோர் இல்லமும் சிறிது நிலமும் இருக்க, தொழிலின் பொருட்டுச் சென்னை முதலிய நகரங்களில் குடியமர்ந்த இளங்குடும்பங்கள் நம் சமூகத்தில் மிகப் பல. கணவன், மனைவி, பள்ளி செல்லும் ஓரிரு குழந்தைகள். இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. சொந்த வீட்டைப் பற்றி அவர்களிடம் பேச்செடுத்தால், "முப்பத்தைந்து லட்சத்துக்கு நாங்கள் எங்கே போவது?" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. வினா பொருத்தமுடையதே; தொகைதான் பொருந்தவில்லை. வீட்டின் விலை வேறு. வீடு வாங்குமுன் கையில் இருக்க வேண்டிய தொகை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதலே இப்பாடத்தின் முதற்பகுதி.

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வீட்டுக் கடன் 30 லட்சம் ரூபாய் வரையாயின் வீட்டின் மதிப்பில் 90 விழுக்காடு வரையிலும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையாயின் 80 விழுக்காடு வரையிலும் வங்கிகள் கடன் வழங்கலாம். இவை மேல்வரம்புகளே, 90 விழுக்காடும் கிடைத்துவிடும் என்று எண்ணித் திட்டமிடுதல் தகாது. ஐந்தில் ஒரு பங்கு நம்முடையதாக இருக்க வேண்டும் என்று கொள்வதே நன்று. அதற்கு மேல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு. வீட்டின் விலை பத்து லட்சத்துக்கு மேற்பட்டால் இச்செலவை வீட்டின் மதிப்போடு சேர்த்து வங்கி கணக்கிடாது. முழுவதும் கைப்பணமாகவே தர வேண்டும். பலர் மறந்துவிடும் செலவு இதுவே.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்குத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு மட்டும் 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு: 50 லட்சம் வரை தீர்வை 4, கட்டணம் 2, ஆக 6 விழுக்காடு. பிறர் குடியிருந்த வீட்டை மறுகிரயமாக வாங்குவோர்க்கு இச்சலுகை இல்லை. விலை குறைவு என்று பழைய வீட்டை நாடுவோர் இவ்வேறுபாட்டையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாத வருவாய் 60,000 ரூபாய், வாடகை 12,000 ரூபாய் உள்ள ஒரு குடும்பம் 35 லட்சம் ரூபாயில் புதிய அடுக்குமாடி வீடு ஒன்றை விரும்புகிறது என்க. சொந்தப் பங்கு 7 லட்சம்; பதிவுச் செலவு 2 லட்சத்து 10 ஆயிரம்; வழக்கறிஞர் கருத்துரை, வங்கியின் கட்டணங்கள், மின் இணைப்பு, அலமாரிகள் ஆகியவற்றுக்குத் தொண்ணூறாயிரம். ஆக, வேண்டுவது 10 லட்சம். மீதி 28 லட்சம் கடன். வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டு எனில் மாதத் தவணை ஏறத்தாழ 24,300 ரூபாய்.

இத்தவணைக்கும் இன்றைய வாடகைக்கும் உள்ள இடைவெளி 12,300 ரூபாய். இந்த இடைவெளியை இன்று முதலே மாதந்தோறும் எடுத்து வைத்தல் வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து. வீடு வாங்கிய பின் எந்த அளவு பணத்தில் குடும்பம் நடக்க வேண்டுமோ, அந்த அளவில் இப்போதே நடத்திப் பார்ப்பதாகும் இது, ஒருவகை ஒத்திகை. பன்னிரண்டு மாதம் இயன்றால் கடன் தவணையும் இயலும். நான்காம் மாதமே தடுமாறினால், எழுத்திட்டுப் பட்டு அறிவதைவிட ஒன்றையும் இழவாமல் அறிந்துகொண்டோம் என்று கொண்டு, வீட்டின் அளவையோ இடத்தையோ மாற்றிக்கொள்ளலாம். வங்கி அலுவலர் கணக்கிட்டுச் சொல்லும் தகுதித் தொகையைக் காட்டிலும் இந்த ஒத்திகையே நம்பத்தக்கது. அவருடைய கணக்கில் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும், முதியோரின் மருந்துச் செலவும், தங்கையின் திருமணமும் இடம்பெறுவதில்லை.

அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக்கு வட்டி 2023 அக்டோபரில் 6.7 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அவ்விகிதத்தில் மாதம் 12,300 ரூபாய் செலுத்தினால் ஐந்தாண்டு முடிவில் சுமார் 8 லட்சத்து 78 ஆயிரம் கிடைக்கும். இன்றைய வீட்டுக்காரரிடம் பத்து மாத வாடகை அட்வான்சாக இருப்பின் அது 1 லட்சத்து 20 ஆயிரம். இரண்டும் சேர ஏறத்தாழ 10 லட்சம் நிறைகிறது. நெருங்க முடியாததாகத் தோன்றிய வீடு ஐந்தாண்டுத் தொலைவில்தான் நிற்கிறது.

ஆனால் விலையும் அங்கேயே நிற்காது. ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு ஏறினால் 35 லட்சம் ஐந்தாண்டில் சுமார் 44 லட்சத்து 67 ஆயிரம் ஆகும்; கைப்பணத் தேவை 12 லட்சத்து 50 ஆயிரத்தை எட்டும்; கடனும் தவணையும் அதற்கேற்ப உயரும். ஆதலின் ஊதியம் உயரும்போதெல்லாம் சேமிப்பும் உயர வேண்டும். இரண்டாம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் மாதம் 2,000 ரூபாய் வீதம் புதிய வைப்பு ஒன்றைக் கூட்டி வந்தால், ஐந்தாம் ஆண்டு இறுதியில் முதல் மட்டும் 2 லட்சத்து 40 ஆயிரம் சேர்ந்திருக்கும். இவற்றை வேண்டிய காலத்துக்குத் திறக்க இடந்தரும் வங்கித் தொடர் வைப்பில் வைப்பது பொருந்தும். அஞ்சலகத்தில் காலம் ஐந்தாண்டே. மூன்றாண்டுக்குப் பின் இடையில் முடித்தால் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் தருவர். நான்கு தவணை தொடர்ந்து தவறினால் கணக்கே நின்றுவிடும். ஆதலால், வீட்டுக்கான வைப்பைத் தொடங்குமுன் மூன்று மாதக் குடும்பச் செலவைத் தனியே ஒதுக்குவதும், மருத்துவக் காப்பீடு எடுப்பதும் வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் வீட்டுப் பணத்தில் கை வைத்தவர் அதைத் திரும்ப நிரப்புவது அரிது.

அட்வான்சைப் பற்றி ஒரு சொல். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை பெறலாகாது என்கிறது. 'வேறு உடன்பாடு' என்னும் அந்த வாயில் வழியாகவே பத்து மாத வழக்கம் சென்னையில் இன்னும் வாழ்கிறது! வட்டியின்றி உறங்கும் பணம் அது. புதிய வீட்டுக்குக் குடிபோகும்போது ஆறு மாதமாகக் குறைக்கக் கேட்பதில் இழுக்கொன்றும் இல்லை. வெள்ளையடிக்க எவ்வளவு பிடித்தம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்க.

இனி, விலக்க வேண்டுவன. சொந்தப் பங்கு குறைகிறது என்று தனிநபர் கடன் வாங்கி அதை நிரப்புவோர் உளர். வீட்டுக் கடனினும் வட்டி மிகுந்த அக்கடன் குறுகிய காலத்தில் திரும்பச் செலுத்த வேண்டியது. முதல் மூன்று நான்கு ஆண்டுகள் இரண்டு தவணைகளும் ஒருங்கே அழுத்தும். இல்லங்களில் அமைதி குலைவது விலையினால் அன்று, இந்த இரட்டைத் தவணையினாலேயே என்பது நம் கருத்து. இல்லத்தரசியின் நகையை அடகு வைத்தலும் இத்தகையதே. நகையைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்று இருவரும் மனமொப்பினால், வட்டி கட்டி மூழ்கவிடுவதைவிட ஒரு பகுதியை விற்றுவிடுதல் நேர்மையான வழி. சீட்டு சேர்வோர், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி அந்தச் சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டறிதல் வேண்டும். தெரிந்தவர் நடத்துகிறார் என்பது பதிவுக்கு ஈடாகாது.

ஓராண்டு காத்திருந்து கடனைக் குறைப்பதால் விளையும் பயன் சிறிதன்று. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருவாய் 9 லட்சத்துக்கு மேற்படாது, எங்கும் காரை வீடு இல்லாத குடும்பத்துக்கு, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்கும் கடன் 25 லட்சத்துக்கும் உட்பட்டால் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை வட்டி மானியம் ஐந்து தவணைகளில் உண்டு. நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் 28 லட்சம் கடன் வாங்கினால் இதனை இழக்கும். மேலும், 25 லட்சத்தை இருபது ஆண்டில் தீர்த்தால் மொத்தம் சுமார் 52 லட்சம் செலுத்துகிறோம்; பதினைந்து ஆண்டில் தீர்த்தால் 44 லட்சத்து 31 ஆயிரம். மாதத் தவணையில் வேறுபாடு மூவாயிரத்துக்கும் குறைவு. வரிச் சலுகைக்காகக் கடனை நீட்டுவோர் ஒன்றை நினைவிற்கொள்க: 2023-24 நிதியாண்டு முதல் இயல்பாகக் கொள்ளப்படும் புதிய வரி முறையில், தாமே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு இல்லை.

இடத்தைத் தேர்தலில் நம்மவர்க்கென ஒரு கணக்கு உண்டு. விலை மலிவு என்று நகருக்கு வெகு தொலைவில் வாங்கினால், கதிரவன் மறையுமுன் உண்ணும் நியமமுடையோர் மாலை உணவுக்கு வீடு சேர இயலுமா? அலுவலகத்திலேயே உண்டு வருவதெனில் குழந்தைகளோடு அமர்ந்து உண்ணும் ஒருவேளையும் போயிற்று. வாங்கக் கருதும் பகுதியிலேயே ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்தல் சிறந்த சோதனை; மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்குவதும் அப்போது தெரிந்துவிடும். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தில் அளவு வரையறுக்க வேண்டிய பொருள்களுள் வீடும் ஒன்று என்பதை நாம் அறிவோம். எத்தனை அறை போதும் என்பதை விற்பனையாளரின் வரைபடத்தைப் பார்க்குமுன் முடிவு செய்துகொண்டால், சேமிக்க வேண்டிய தொகையும் அசையாமல் நிற்கும்.

வீட்டுக்கு முன்படியாக மனை வாங்க எண்ணுவோர், அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் உள்ளதா என்று முதலில் காண்க. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்ததும், தவணை முறையில் மனை வாங்கியிருந்த எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் கட்டவும் வழியின்றித் தவித்ததும் மறக்கற்பாலன அல்ல. அடுத்த ஆண்டு வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகள் பற்றியதே. பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. சிற்றூர் மனைக்கு இது உதவும்.

கட்டப்பட்டு வரும் அடுக்குமாடியாயின், 500 சதுர மீட்டருக்கோ எட்டு வீடுகளுக்கோ மேற்பட்ட திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு செய்யப்பட்ட விற்பனை உடன்படிக்கை இன்றி விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்குவதை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. ஐந்தாண்டு ஒத்திகையில் சேர்ந்த தொகையிலிருந்து முதல் காசோலையை எழுதுமுன் அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி ஆணையத்தின் பட்டியலோடு ஒப்பிடுக. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையிலிருந்து நாமே பெறுக. விற்பவர் தரும் படியைக் கொண்டு அமைதல் வேண்டா. மூலப் பத்திரத்தில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றா என்பதை வழக்கறிஞர் எழுத்தில் தந்த பின்னரே அட்வான்ஸ் கொடுக்கும் நாளைக் குறித்துக்கொள்ளலாம்.